மென்மையான தோலுக்கு எந்தச் சவரப் பொருள்? நாற்பது நாள் சுன்னத்தும் நம் கடைத்தெருவும்

 

சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஓர் இளைஞர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். அக்குளில் சவரம் செய்தால் கொப்புளம் வருகிறது, எரிகிறது, அதனால் முடியை எடுத்தே மூன்று மாதத்துக்கு மேலாகிறது என்றார். எந்தக் கிரீம் நல்லது என்பதுதான் அவருடைய கேள்வி. பார்ப்பதற்கு இது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் வெட்கத்தால் யாரிடமும் கேட்காமல் ஒரு சுன்னத்தையே விட்டுவிட்ட நிலையில் அவர் நின்றிருந்தார். இந்த நிலையில் இருப்பவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல.

மீசையைக் கத்தரிப்பது, நகம் வெட்டுவது, அக்குள் முடியைப் பிடுங்குவது, மறைவிட முடியைச் சிரைப்பது ஆகியவற்றை நபி (ஸல்) அவர்கள் இயற்கை மரபுகளில் சேர்த்துச் சொன்னதாக அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரீயிலும் முஸ்லிமிலும் உள்ளது. இவற்றை நாற்பது இரவுகளுக்கு மேல் விடக்கூடாது என்று எங்களுக்குக் காலக்கெடு விதிக்கப்பட்டது என்ற அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு முஸ்லிமில் இருக்கிறது. அப்படியானால் பருவ வயதிலிருந்து ஆயுள் முழுவதும் ஆண்டுக்கு ஒன்பது முறையாவது இந்தத் தோலில் கருவி பட்டாக வேண்டும். எதை வாங்குகிறோம் என்பது அதனால்தான் முக்கியமாகிறது.

அக்குளைப் பொறுத்தவரை ஹதீஸில் வருவது பிடுங்குதல். ஆனால் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் நாவிதரைக் கொண்டு அக்குளைச் சிரைத்துக்கொண்டிருந்ததை அவர்களின் மாணவர் யூனுஸ் பின் அப்துல் அஃலா பார்த்திருக்கிறார். பிடுங்குவதே சுன்னத் என்று தெரியும், ஆனால் அந்த வலியைத் தாங்க முடியவில்லை என்று இமாம் அவரிடம் சொன்னதாக நவவீ (ரஹ்) எழுதியிருக்கிறார்கள். மாபெரும் இமாமே தம் தோலின் பலவீனத்தை மறைக்காமல் சொல்லியிருக்கும்போது நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

இனி பொருட்களுக்கு வருவோம். முதலாவது பொருள் தண்ணீர், அதை யாரும் ஒரு பொருளாகவே நினைப்பதில்லை. முடி நீரை உறிஞ்சினால் மிருதுவாகும், பிளேடு இழுக்காமல் வெட்டும். ஆகவே குளித்து முடிக்கும் நேரத்தில், வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறிய பிறகு சவரம் செய்யுங்கள். மணமேல்குடி போன்ற கடலோர ஊர்களில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பாகவும் கடினமாகவும் இருக்கும். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காகத் தோலிலும் முடியிலும் படியும். நுரை வரவில்லையே என்று சோப்பை மேலும் மேலும் தேய்ப்போம், அரிப்பும் கூடும். விலை உயர்ந்த கிரீமை விட, கடைசியாகக் கழுவ ஒரு செம்பு நல்ல தண்ணீரை எடுத்து வைப்பது அதிகம் பயன் தரும்.

அடுத்தது சோப்பு. அட்டையில் டி.எஃப்.எம். என்று ஒரு எண் இருக்கும், கொழுப்புப் பொருளின் அளவு அது. 76 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். எண் குறையக் குறையத் தோல் வறளும் வாய்ப்பு அதிகம். அப்படியும் எந்தச் சோப்பும் காரத்தன்மை உள்ளதுதான். நம் தோலோ லேசான அமிலத்தன்மை உடையது. எளிதில் புண்ணாகும் தோல் உள்ளவர்கள் மணமில்லாத ஷேவிங் கிரீமோ ஜெல்லோ வாங்கலாம். எலுமிச்சை, மென்தால் என்று "குளுகுளு" விளம்பரத்தோடு வருபவை உங்களுக்கு வேண்டாம்.

பொருட்கள் அடங்கிய பட்டியலையும் படியுங்கள். 'சோடியம் பாமேட்' என்றால் பனை எண்ணெய் வகையிலிருந்து வந்தது. 'சோடியம் டாலோவேட்' என்றால் விலங்குக் கொழுப்பு, 'சோடியம் லார்டேட்' என்றால் பன்றிக் கொழுப்பு. வெளிநாட்டிலிருந்து தம்பி கொண்டுவரும் சோப்பில் இதைப் பாருங்கள். அதேபோல 'செட்டைல் ஆல்கஹால்', 'ஸ்டியரில் ஆல்கஹால்' என்று இருந்தால் பதற வேண்டாம். பெயர்தான் ஆல்கஹால், அவை மெழுகு போன்ற பொருட்கள், போதைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. ஆஃப்டர் ஷேவில் இருக்கும் எத்தனால் வேறு. அதன் சட்டம் குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அந்த விவாதத்துக்கு முன்பே, சிரைத்த தோலில் அது எரியும், வறளச் செய்யும். படிகாரக்கல்லை நனைத்து ஒருமுறை தடவினால் சிறு கீறலில் ரத்தம் நிற்கும். அதைக் கழுவிவிட்டுத் துளி தேங்காய் எண்ணெய் போதும்.

ஷேவிங் பிரஷ் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். பழைய காலத்திலிருந்தே இந்தப் பிரஷ்கள் பன்றி முடியிலும் செய்யப்படுகின்றன. கைப்பிடியில் 'போர்' என்றோ 'பிரிஸில்' என்றோ போட்டிருந்தால் கேட்டு வாங்குங்கள். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்களுக்குப் பன்றி முடி நஜீஸ் என்பது தெரியும். சந்தேகம் வந்தால் ஓரிரு இழையைத் தீயில் காட்டுங்கள். நைலான் உருகி மணியாகும், முடியோ கருகி முடி நாற்றம் அடிக்கும். பிரஷ் இல்லாமல் விரலால் நுரை தடவினாலும் குறையொன்றும் இல்லை.

அந்த இளைஞரின் கொப்புளத்துக்கு வருகிறேன். சுருண்ட முடியை மிக ஒட்டச் சிரைத்தால் முனை தோலுக்குள்ளேயே வளைந்து குத்தும், அதுதான் புடைப்பாகிறது. தோலை இழுத்துப் பிடித்து, எதிர்த் திசையில், மூன்று நான்கு பிளேடு வைத்த ரேஸரால் வழித்தால் இது கூடும். ஒற்றைப் பிளேடு, முடி வளரும் திசையில், அழுத்தாமல். அதுவும் ஒத்துவரவில்லையா? டிரிம்மரால் ஒட்டக் கத்தரித்துவிடுங்கள், முடியை அகற்றும் நோக்கம் பெருமளவு நிறைவேறும். சீழ் வைத்தால் மருத்துவரிடம் போங்கள், மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு களிம்பு பூசாதீர்கள். அது முதலில் சிவப்பை அடக்கி, பிறகு தோலை மெலியச் செய்துவிடும்.

முடி நீக்கும் கிரீமில் தயோகிளைகோலேட் இருக்கிறது, முடியின் புரதத்தையே கரைக்கும் மருந்து அது. தோலும் அதே வகைப் புரதம்தான். ஒருமுறை அட்டையில் சொன்ன நிமிடத்தைத் தாண்டி வைத்துவிட்டு, ஒரு வாரம் நடக்கவே சிரமப்பட்டவன் நான். முந்தின நாள் முன்கையில் பயறளவு தடவிப் பாருங்கள். மறைவிடத்தில் பூசும் முன் அந்த இடத்துக்கு ஏற்றதா என்று அட்டையில் பாருங்கள். சகோதரிகளுக்கும் இதே எச்சரிக்கைதான்.

தலைமுடிக்கு நான் நிறையச் சொல்லப்போவதில்லை. முடி வைத்திருப்பவர் அதைக் கண்ணியப்படுத்தட்டும் என்ற கருத்தில் அபூதாவூதில் ஹதீஸ் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவி, அதன் புரத இழப்பைக் குறைக்கக்கூடியது. மருதாணி விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். அசல் மருதாணி செம்பழுப்புதான் தரும். கறுப்பாகப் பிடிக்கும் 'கருப்பு மருதாணி'யில் பெரும்பாலும் பி.பி.டி. என்ற சாயப்பொருள் கலந்திருக்கும். பெருநாளுக்குக் குழந்தையின் கையில் போட்ட அது கொப்பளித்து, ஆயுளுக்கும் ஒவ்வாமையை விட்டுச் செல்லலாம். மக்கா வெற்றியின்போது அபூகுஹாஃபா (ரலி) அவர்களின் நரையை மாற்றுங்கள், ஆனால் கறுப்பைத் தவிருங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது முஸ்லிமில் உள்ளது. இன்று தோல் மருத்துவர்களும் வேறொரு காரணத்துக்காக அந்தக் கறுப்பைக் குறித்தே எச்சரிக்கிறார்கள்.

கடைசியாகப் பிளேடு. ஒருவர் பிளேடை இன்னொருவர் தொடக்கூடாது, வாப்பாவுடையதை மகன்கூட எடுக்கக்கூடாது. ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில் ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். டெட்டாலில் முக்கி எடுப்பதை நம்பி இருக்க முடியாது. ஹஜ்ஜில் மினாவில் தலை மழிக்க, அனுமதி பெற்ற நாவிதர்களும் ஒருமுறைப் பிளேடும் வேண்டும் என்று சவூதி அரசு விதி வைத்திருக்கிறது. அப்படியும் சாலையோரத்தில் உட்கார்ந்து சிரைப்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். இந்த ஆண்டு ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ போகிறவர்கள் இரண்டு புதுப் பிளேடைப் பெட்டியில், கைப்பையில் அல்ல, வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஊரில் சலூனுக்குப் போனாலும் பிளேடு உறையை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். கோபிக்கும் சகோதரர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை, கேட்காமல் இருப்பவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.