வால்வு இருந்த இடம்

அன்புள்ள மதிக்கு,

வீட்டில் கட்டிய சிறு விமானத்தில் கருப்புப் பெட்டி கிடையாதே, விழுந்தால் காரணம் எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தாய். பெட்டி இருந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்கிற நினைப்பு உன்னையும் தொற்றிக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று தனியாக ஓட்டிய லாங்-ஈஸி விமானம், கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்தது. பெட்டி இல்லாமலேதான் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் காரணத்தைக் கண்டது. லாங்-ஈஸியை வடிவமைத்த பர்ட் ரூட்டனின் வரைபடத்தில் எரிபொருள் வால்வு விமானியின் கால்களுக்கு இடையில் இருக்கிறது. கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். எந்தப் பக்கம் திருப்பினால் எந்தத் தொட்டி என்ற குறியும் இல்லை. டென்வரோ கட்டியவர் அல்ல, பழசை வாங்கியவர். முறுக்கித் திரும்பி வால்வை எட்டப் பார்த்தபோது வலது கால் சுக்கான் மிதியை அழுத்திவிட்டது என்பது வாரியத்தின் முடிவு. கிளம்புமுன் எரிபொருள் நிரப்பாததும் சேர்ந்துகொண்டது. கருவி இருந்திருந்தால் விமானம் திரும்பியதையும் கவிழ்ந்ததையும் எழுதியிருக்கும். வால்வு இடம் மாறிய கதையை அது எப்படி எழுதும்?

கருவியை நான் இகழ்வதாக எண்ணாதே. ரைட் சகோதரர்கள் 1903-இல் பறக்கவிட்டதும் சொந்தமாகக் கட்டியதுதானே? அதில் காற்றுமானி, நிறுத்துக்கடிகாரம், எஞ்சின் சுற்றுகளை எண்ணும் கருவி மூன்றும் இருந்தன. முதல் பறப்பு வெறும் 12 விநாடி! அதற்கு மூன்று கருவிகள்! அவர்களுடைய குறிப்புகளை எடுத்தால் எனக்கு வேறு வேலை ஓடாது. பறப்புப் பதிவின் வரலாற்றை கருப்புப் பெட்டியின் முன்னோடியான ஆஸ்திரேலியாவின் டேவிட் வாரனிலிருந்து தொடங்குகிறவர்களோடு எனக்கு வெகுநாள் சண்டை. ரைட்டுகள் அளந்தது அடுத்த பறப்புக்காக. இன்றைய டைனான், கார்மின் விமானி அறைத் திரைகள் சிலிண்டர் சூட்டையும் எரிபொருள் ஓட்டத்தையும் சேமிப்பதும் முதலில் அதற்குத்தான் உதவ வேண்டும். சோதனைப் பறப்புகளில் இந்தப் பதிவுகளைப் பயன்படுத்தச் சொல்லி வாரியமே 2012 ஆய்வில் பரிந்துரைத்தது.

கருவிப் பதிவு போக, ஆட்கள் எழுதித் தருவதும் உண்டு. அமெரிக்காவில் விபத்தென்றால் வாரியத்துக்கு உடனே சொல்ல வேண்டும். 10 நாளுக்குள் எழுத்திலும் தர வேண்டும். மயிரிழையில் தப்பியவற்றுக்கு 1976 முதல் நாசா நடத்தும் ஏற்பாடு உண்டு. எழுதியவர் பெயரை நீக்கிவிடுவார்கள். விபத்தை அங்கே எழுதித் தப்ப முடியாது.

உன் திட்ட அறிக்கையில் மெமரி கார்டுக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருக்கிறாய். வரைபடத்திலிருந்து கட்டியவர் எங்கெங்கே விலகினார் என்று எழுத ஒரு கட்டம்கூட இல்லை. அதைச் சேர்த்துத் திருப்பி அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்