சென்னை இசையரங்கில் எட்டயபுரம்

மார்கழித் திங்களில் சென்னை செல்லும் வாய்ப்புக் கிட்டும் கரிசல் நாட்டு மாணவன், கடற்கரையைப் பார்த்துவிட்டு இரயிலேறி விடுகிறான். மியூசிக் அகாடமியின் வாயிலில் நுழைய அவனுக்குக் கூச்சம். அது நமக்குரிய இடமன்று என்னும் எண்ணம். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதைக் காட்டுவதும், அங்கே எவ்வாறு கேட்பது என்று கூறுவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1927ஆம் ஆண்டு சென்னையில் காங்கிரஸ் மாநாட்டையொட்டி நிகழ்ந்த இசை மாநாட்டின் பயனாக, 1928இல் அகாடமி தோன்றியது. இப்போதுள்ள அரங்கம் 1962இல் திறக்கப்பெற்றது.

மேடையிலே பாடகருக்கு அருகில் வயலின் இருக்கும். மேனாட்டிலிருந்து வந்த அக்கருவியை நம் இசைக்குப் பழக்கிய முன்னோடிகளுள் ஒருவர் பாலுசாமி தீட்சிதர். அவர் எட்டயபுரம் அரசவை வித்துவான்! அவருடைய தமையனார் முத்துசாமி தீட்சிதர் 1835இல் தீபாவளியன்று எட்டயபுரத்திலேயே மறைந்தார். சமாதியும் அங்கேயே உள்ளது. பாலுசாமியின் மகள் வயிற்றுப் பேரனும் சுவீகார புத்திரருமான சுப்பராம தீட்சிதர், 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் பெருநூலை எட்டயபுரத்து அச்சகத்தில் தெலுங்கு எழுத்தில் வெளியிட்டார். முத்துசாமி தீட்சிதரின் கிருதிகள் 229 அதில் சுரக்குறிப்போடு உள்ளன. அந்நூல் இல்லையேல் அவற்றுட் பல நமக்குக் கிட்டாமலே போயிருக்கலாம். பிற்காலத்தில் அதைத் தமிழிற் கொணர்ந்தது எது தெரியுமா? அதே மியூசிக் அகாடமிதான். கோவில்பட்டியிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரங்கூட ஆகாத ஊரில் காக்கப்பட்ட செல்வமே சென்னை மேடையில் ஒலிக்கிறது.

நம் பெரியவர்களுக்கு இராகம் புதிதன்று. கோவில்பட்டியில் வாழ்ந்து 1964இல் மறைந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தைத் தெருவில் நின்றே கேட்டவர்கள் அவர்கள். அதற்கு யாரும் அவர்களுக்குப் பாடம் நடத்தவில்லை.

இனி, கேட்கும் முறை. கச்சேரி பெரும்பாலும் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890-1967) வகுத்த வரிசையையே தழுவி நடக்கும். முதலில் வர்ணம்; பின்னர்க் கீர்த்தனைகள்; நடுவே விரிவான இராக ஆலாபனை; இறுதியில் துக்கடாக்கள். ஒரு பாடலில் ‘குருகுஹ’ என்னும் சொல் செவியிற் பட்டால் அது முத்துசாமி தீட்சிதருடையது என்று பெரும்பாலும் துணியலாம். அஃது அவர் முத்திரை. பல பாடல்களில் இராகத்தின் பெயரையும் சொல்லோடு சொல்லாகப் பொதிந்து வைத்திருப்பார். அதைத் தேடிப் பிடிப்பது நல்ல விளையாட்டு.

தாளத்திற்கு ஆதிதாளம் போதும். ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை. பின் தட்டும் வீச்சும் இருமுறை. ஆக எட்டு. அருகிலிருப்பவர் தொடையில் போடுவதைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். யாரும் தவறாக எண்ணமாட்டார்கள். கட்டணம் பற்றிய அச்சமும் வேண்டா. பல சபாக்களில் பகற்கச்சேரிகள் இலவசமாகவே நடைபெறுகின்றன.

தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் நகரத்து இரசிகர் பலர் எழுந்து சிற்றுண்டிச்சாலைக்கு நடையைக் கட்டுவர். அக்கூட்டத்தைப் பின்பற்ற வேண்டா. மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்து, இறுதியில் ஒரு கோர்வையை மும்முறை அடுக்கி, பாட்டு எடுத்த இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தும். அதுவரை எட்டெட்டாக எண்ணிக்கொண்டிருங்கள்.