அத்தையிடம் கேட்டாயா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் கதையைப் படித்தேன். நன்றாக வந்திருக்கிறது, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நகைப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் அடுப்படிக்குப் போய்ப் புளி கரைக்க உட்கார்ந்தாள் என்று எழுதியிருக்கிறாயே, அது அப்படியே உன் அத்தை. ஆனால் அன்று ராத்திரி மாமாவின் கடிதங்களைக் கொளுத்தினாள் என்பது நீ சேர்த்தது. படிக்கிற சொந்தக்காரர்களுக்கு அது எப்படித் தெரியும்? புளி கரைத்தது நிஜம் என்றால், கொளுத்தியதும் நிஜம் என்றுதான் நினைப்பார்கள்.

ஜெயகாந்தன் 1966-ல் ஆனந்த விகடனில் ‘அக்கினிப் பிரவேசம்’ எழுதினார். ஒருவனுடைய காரில் ஏறிப்போய், சீரழிந்து திரும்பிய பெண்ணுக்குத் தாயே தலையில் தண்ணீர் ஊற்றி ஏற்றுக்கொண்டதாக முடித்தார். பெரிய சர்ச்சையானது. பிறகு அவருடைய ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ வந்தது. அதில் அதே நிலையில் திரும்பிவரும் கங்காவின் அம்மா கூச்சல் போட்டு ஊரைக் கூட்டிவிடுகிறாள். அண்ணன் வீட்டை விட்டே துரத்துகிறான். வருஷங்கள் கழித்து, தனக்கு நடந்ததை வேறு முடிவோடு ஒரு பத்திரிகைக் கதையில் கங்கா படிக்கிறாள். 1972-ல் சாகித்திய அகாதெமி பரிசு வாங்கிய நாவல். எல்லோரும் ஆசிரியரின் துணிச்சலைப் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பத்திரிகையும் கையுமாக உட்கார்ந்திருக்கும் கங்காதான் கண்ணில் நிற்கிறாள். அவளை யார் கேட்டார்கள்?

தாத்தா விஷயம் உனக்குத் தெரியும். அவருடைய கடைக் கணக்குத் தகராறைக் கதையாக்கியவர் தாத்தாவின் பேரை மாற்றினார். வெள்ளிப் பூண் போட்ட கைத்தடியை மாற்றவில்லை. சந்நிதித் தெருவில் அந்தக் கைத்தடி யாருடையது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். தாத்தா அதன்பிறகு சாகிறவரை கோயில் கமிட்டிக்குப் போகவில்லை. “கதைதானே, அண்ணாச்சி” என்றார் எழுதியவர். அந்த வார்த்தையை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

பிரசுரத்துக்கு அனுப்புவதும் அனுப்பாததும் உன் இஷ்டம். நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் முதலில் அத்தைக்குப் படித்துக் காட்டு. வேண்டாம் என்று அவள் சொன்னால், அவள் காலம்வரை அது உன் பெட்டியிலேயே இருக்கட்டும். சரி என்றாலும் ஊரை மாற்று, நகையை நிலமாக்கு, அந்தப் புளியை எடுத்துவிடு. கதை கொஞ்சம் மெலிந்தால் மெலியட்டும்.

நிறையச் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே கண்ணு. நம் வீட்டில் இப்படி எழுத்து யாருக்கும் வாய்த்ததில்லை. அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் உன் பெருமைதான் பேசுகிறேன். பெரியம்மா உனக்கென்று நார்த்தங்காய் போட்டு வைத்திருக்கிறாள். புத்தகம் வாங்கப் பணம் அனுப்பியிருக்கிறேன், அப்பாவிடம் சொல்லாதே. தீபாவளிக்கு முன்கூட்டியே வந்துவிடு. அடுத்த கதையை நீதான் படித்துக் காட்ட வேண்டும். எத்தனை பக்கமானாலும் உட்கார்ந்து கேட்கிறேன்.

ஆசிகளுடன்,
பெரியப்பா