புத்தகப்பையும் தண்ணீர்ப் போத்தலும்

பிள்ளை சுமக்கும் புத்தகப்பை அதன் உடல் நிறையில் பத்தில் ஒரு பங்களவில் இருப்பது நல்லது என்பது வைத்தியர்கள் பொதுவாகக் கூறும் கணக்கு. 30 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு 3 கிலோ. 15 சதவீதம் வரை போகலாம் என்போரும் உளர். அப்படிப் பார்த்தாலும் நாலரைக் கிலோதான்.

ஆறாம் தரத்தில் படிக்கும் என் தங்கையின் பையைத் தராசில் வைத்தேன். 6 கிலோ 200 கிராம்! அவளது நிறையோ 31 கிலோ. உள்ளே இருந்தவற்றை மேசையில் பரப்பினோம். அன்றைய நேரசூசியில் இல்லாத பாடங்களின் நூல்கள், கடந்த தவணைக் கொப்பிகள், டியூஷன் கொப்பிகள். கணிதப் பாடநூலைப் பகுதி 1, பகுதி 2 என்று பிரித்தே அச்சிட்டுத் தருகிறார்கள். அவளோ இரண்டையும் சுமந்திருந்தாள்.

அளவுக்கு மீறிய பாரம் பின்னால் இழுக்கும்போது பிள்ளை விழாதிருக்க இடுப்பிலிருந்து முன்னே சாய்கிறது. தலையும் முன்னே நீள்கிறது. கழுத்துத் தசைகளும் முதுகுத் தசைகளும் ஓய்வின்றி இழுபடுகின்றன. ஒரு தோளில் மட்டும் தொங்கவிட்டால் உடல் பக்கவாட்டில் வளைகிறது. பாரமான நூல்களை முதுகோடு ஒட்டி வைத்து, இரு பட்டிகளையும் இறுக்கி, பை இடுப்புக்குக் கீழே தொங்காமல் பார்த்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும்.

எதைக் குறைக்கலாம் என்று கேட்டதும் தங்கை முதலில் வெளியே எடுத்தது தண்ணீர்ப் போத்தலைத்தான். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ என்பதால் அவள் கணக்கில் பிழையில்லை. ஆனால் பையில் கட்டாயம் இருக்க வேண்டியது அதுவே.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மாணவிகள் பலர் தண்ணீர் குடிக்காதிருப்பது மறதியால் அல்ல, மலசலகூடத்துக்குப் போக விரும்பாததால். காலையிலிருந்து ஒன்றரை மணி வரை அடக்கிக்கொண்டிருப்பதைச் சாமர்த்தியம் என்றுகூட நினைக்கிறோம். தலையிடி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று எல்லாம் இதன் பின்னே வருபவை. பெற்றோர் கூட்டத்தில் புள்ளிகளைப் பற்றி விசாரிக்கும் உம்மாமாரும் வாப்பாமாரும், மலசலகூடத்தில் நீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா என்றும் ஒரு வார்த்தை கேட்கலாமே.

ஏப்ரல் மாத முற்பகுதியில் சூரியன் நம் நாட்டுக்கு நேர் உச்சியில் நிற்கிறது. அதற்கு முந்திய வாரங்களில்தான் பல பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சிகள்! 2024இல் வெப்பம் கடுமையானபோது, வெளிக்கள விளையாட்டுகளைத் தவிர்க்குமாறு கல்வி அமைச்சு பாடசாலைகளுக்கு அறிவித்தது. நம் வெள்ளைச் சீருடையும் பர்தாவும் தோலை வெயிலிலிருந்து காப்பது உண்மையே. ஆனால் உடலைக் குளிர்விப்பது வியர்வை; வியர்ப்பதற்கு உள்ளே நீர் இருக்க வேண்டும். காற்றில் ஈரப்பதன் மிகுந்த கரையோர ஊர்களில் வியர்வை இலகுவில் உலர்வதுமில்லை. ஆகவே பயிற்சிகளைக் காலையிலோ பிற்பகல் வெயில் தணிந்த பின்னரோ வைப்பதே புத்தி.

மைதானத்தில் ஒருத்திக்குத் தலைசுற்றலோ குமட்டலோ வந்தால் உடனே நிழலுக்குக் கூட்டிச்சென்று, ஆடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் கழுத்தையும் கைகளையும் துடைத்து, சிறிது சிறிதாக நீர் பருகக் கொடுக்க வேண்டும். பேச்சுத் தடுமாறினாலோ மயங்கினாலோ வாயில் எதுவும் ஊற்றாமல், உடலைக் குளிர்வித்தபடியே தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.