கொல்கத்தா ஜெப ஆலயத்தின் காவலர்கள்

கொல்கத்தா செல்லும் சகோதரர்கள் பிரபோர்ன் சாலைக் கடைவீதியில் சற்று நடந்து பாருங்கள். நடைபாதைக் கடைகளுக்குப் பின்னால், 1884இல் கட்டப்பட்ட மாகென் டேவிட் என்ற யூதர்களின் ஜெப ஆலயம் மறைந்து நிற்கிறது. பக்கத்திலேயே நெவே ஷாலோம். சிறிது தூரத்தில் 1856இல் எழுந்த பெத் எல்.

1798இல் அலெப்போவைச் சேர்ந்த ஷாலோம் கோஹன் இந்நகருக்கு வந்தார். அவருக்குப் பின் ஆயிரக்கணக்கில் பெருகிய சமூகம், இன்று விரல்விட்டு எண்ணுமளவே. நம் ஜமாஅத்துக்கு இருவர் போதும். அவர்களின் கூட்டு வழிபாட்டுக்கோ பத்து ஆண்கள் வேண்டும். அந்தப் பத்துப் பேர் சேர்வதே அரிதாகிவிட்டது.

ஆனாலும் ஆலயங்கள் பாழடையவில்லை. கூட்டித் துடைத்துக் காத்து வருபவர்கள், தலைமுறை தலைமுறையாக அங்கே பணிபுரியும் முஸ்லிம்கள். 1881இல் தொடங்கிய யூதப் பெண்கள் பள்ளி இப்போது பார்க் தெருவில் இருக்கிறது. அங்கு படிப்பவர்களில் பெரும்பாலோரும் முஸ்லிம் பிள்ளைகள்தாம்.