அரைக்க அரைக்கக் கரையும் கருமணல்

இயற்கையன்னை நம் நாட்டுக் கடற்கரைகளில் வாரி வழங்கியுள்ள செல்வங்களுள் ஒன்று கருமணல். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும், கேரளத்துச் சவறையிலும், ஒடிசாக் கரையிலும் இது மிகுதி. இதிலுள்ள இல்மனைட் என்னும் தாதுவில் இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனோடு பிணைந்துள்ளன.

1791-இல் இங்கிலாந்திலுள்ள கார்ன்வாலில், வில்லியம் கிரெகர் என்ற ஆங்கிலிக்கன் குரு ஓடைக் கருமணலை ஆராய்ந்து இப்புதிய தனிமத்தைக் கண்டார். 1795-இல் ஜெர்மானிய அறிஞர் கிளாப்ராத் இதற்கு 'டைட்டானியம்' எனப் பெயரிட்டார். சுவருக்குப் பூசும் வெள்ளைப் பெயிண்டிற்கு நிறம் தருவது டைட்டானியம் டை ஆக்சைடே. கருமணலிலிருந்து வெண்பொடியா! வியப்பாக இருக்கிறதல்லவா, தோழியரே?

இல்மனைட்டைக் கந்தக அமிலத்தில் கரைத்து, இரும்பை நீக்கி, டைட்டானியத்தைப் பிரித்தெடுப்பது ஒரு முறை. ஆனால் இல்மனைட் எளிதில் கரையாது. அடர்ந்த அமிலமும் மிகுந்த வெப்பமும் வேண்டும். முடிவில் அன்னபேதி எனப்படும் இரும்பு சல்பேட்டும் நீர்த்த அமிலமும் கழிவாக மிஞ்சும். அவற்றை அப்படியே விட்டால் நீரும் மீன்வளமும் கெடும்.

இங்கே கைகொடுப்பது தீவிர அரைப்பு. எஃகுக் குண்டுகள் இட்ட கலத்தில் தாதுவைப் போட்டு விரைவாகச் சுழற்றுவர். இதனால் இரு நன்மைகள் விளைகின்றன.

முதலாவது, மேற்பரப்பு பெருகுகிறது. 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரக் கல்கண்டின் மேற்பரப்பு 6 ச.செ.மீ. அதனை 1 மி.மீ. பக்கமுள்ள 1000 துண்டுகளாக்கினால் மொத்த மேற்பரப்பு 60 ச.செ.மீ. அமிலம் தாக்கும் இடம் பத்து மடங்காகிறது.

இரண்டாவது நன்மை கண்ணுக்குத் தெரியாதது. காலைக் கூட்டத்தில் வரிசையாக நிற்கும் மாணவியரைப் போல, படிகத்தினுள் அணுக்கள் ஒழுங்காக அமைந்துள்ளன. குண்டுகளின் மோதலால் அவ்வரிசை குலைகிறது. மோதலின் ஆற்றலில் ஒரு பகுதி படிகத்தினுள் தங்குகிறது. இடம் பெயர்ந்த அணுக்களை அமிலம் எளிதில் பிரித்தெடுக்கிறது. எக்ஸ் கதிர்ப் படத்தில் கூர்மையான கோடுகள் அகன்று மங்குவதே இக்குலைவிற்குச் சான்று. ஒடிசாக் கடற்கரை இல்மனைட்டைக் கொண்டு இந்திய அறிஞர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வும், இவ்வாறு அரைத்த தாது கந்தக அமிலத்தில் விரைந்து கரைவதைக் காட்டியது.

ஆயினும் அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சல்லவா? நெடுநேரம் அரைத்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குண்டுகள் தேய்ந்து அவற்றின் இரும்பும் பொடியில் கலக்கும். மின்சாரமும் ஏராளமாகச் செலவாகும். தாதுவிலுள்ள இரும்போ, எவ்வளவு அரைத்தாலும் மறையாது. அதன் கழிவிற்குத் தனி வழி தேட வேண்டும்.

ஆகவே, மிச்சமாகும் அமிலத்தையும் வெப்பத்தையும் ஒரு தட்டிலும், செலவாகும் மின்சாரத்தையும் எஞ்சும் கழிவையும் மறு தட்டிலும் வைத்து நிறுத்துப் பார்ப்பதே அறிவுடைமை. நாளை ஆய்வுக்கூடங்களில் பணிபுரியப் போகும் நாம், இறைவன் தந்த மணலோடு அவர் தந்த கடலையும் காக்கும் வழிகளைக் கண்டறிவோமாக!