பங்குப் பணமும் பிறைக் கணக்கும்

அருப்புக்கோட்டை, பாளையம்பட்டிப் பக்கத்து நெசவு வீடுகளுக்கு நூல் கணக்கு எழுதுவது புதிதல்ல. ஹலாலான தொழில் நடத்தும் கம்பெனிகளில் பங்கு வாங்கியோரும் ஒரு நோட்டுப் போடட்டும். கம்பெனி, தேதி, எண்ணிக்கை, விலை, டிவிடெண்டு, இவ்வளவே. டிமேட் அறிக்கையோடு அவ்வப்போது ஒத்துப் பாருங்கள். தினமும் விலை பார்த்து ஏங்குவது வீண் வேலை.

ஜகாத்தைச் சிலர் மார்ச் 31-இல் கணக்கிடுகின்றனர். அது வருமான வரிக்கான ஆண்டு. பிறை ஆண்டு ஏறத்தாழ 11 நாள் குறைவு. 33 ஆண்டுகளில் ஓராண்டு ஜகாத்தே ஏழைக்குச் சேராமல் போகுமே! நிஸாப் நிறைந்து ஆண்டு முடியும் பிறையை நோட்டின் முதற்பக்கத்தில் எழுதுங்கள். விற்பதற்கென வாங்கிய பங்குக்கு அன்றைய சந்தை விலையே கணக்கு. 200 ரூபாய்க்கு வாங்கிய 100 பங்கு அன்று 260 என்றால், 26,000-க்கு 650 ரூபாய். டிவிடெண்டுக்காகவே வைத்திருக்கும் பங்கைப் பற்றி ஆலிமிடம் நோட்டைக் காட்டிக் கேளுங்கள்.